ஒளியால் நிலை மாறும் பாக்டீரியா எதிர்ப்புச் சேர்மம்: தொகுப்பு முதல் சோதனை வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளில் சிலர் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பிறந்து, கோயில் வகுப்பில் தமிழ் படித்தவர்கள். சிலர் ஆய்வுப் படிப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இரு சாராரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு சேர்மங்களை மளமளவென்று செய்துவிடுவார்கள். பாக்டீரியா இருக்கும் தட்டில் சேர்த்து, மேலே விளக்கைப் பிடித்து, வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஓடி வருவார்கள். "அக்கா, ஒளியில் நான்கு மடங்கு அதிகமாக வேலை செய்கிறது!" ஒளியில் உண்டான வடிவம் எத்தனை மணி நேரம் நிலைத்திருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. விளக்கின் சூடு எவ்வளவு என்று கேட்டாலும் இருக்காது. ஆறு மாத உழைப்பை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டியதாகிவிடும்.

ஒளியைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பாக்டீரியாவைத் தொடுவதற்கு முன்பே பதில் கண்டுவிட வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. எந்த வகை ஒளிச் சேர்மம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"ஒளிக்கு வினைபுரியும்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஒளி பட்டதும் மூலக்கூறு தன் வடிவத்தை மாற்றிக்கொள்வது. அசோபென்சீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 365 நானோமீட்டர் ஒளியில் நீண்ட டிரான்ஸ் வடிவம் மடங்கிய சிஸ் வடிவமாகிறது. நீல ஒளியிலோ, இருட்டில் தானாகவோ திரும்பிவிடுகிறது. மற்றொன்று, மூலக்கூறு ஒளியை வாங்கி அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து, அதைச் சிங்லெட் ஆக்சிஜன் என்னும் வீரியமிக்க வடிவமாக மாற்றிச் செல்லைத் தாக்குவது. மெத்திலீன் புளூ, ரோஸ் பெங்கால் ஆகியவை இந்த வகை.

இரண்டுக்கும் சோதனை முறை வேறு. முதல் வகைக்கு ஒளியை முன்கூட்டியே காட்டிவிட்டு இருட்டில் சோதிக்கலாம். இரண்டாம் வகைக்குப் பாக்டீரியா உடனிருக்கும்போதே ஒளி விழ வேண்டும். இதை முடிவு செய்யாமல் தொடங்கினால் இரண்டுக்கும் பொருந்தாத எண்கள்தான் கிடைக்கும்.

இங்கே முதல் வகையில் ஒரு மூலக்கூறை வைத்துச் சொல்கிறேன். ஒரு முனையில் எத்தில், நடுவில் அசோபென்சீன், ஆறு கார்பன் சங்கிலி, மறுமுனையில் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு. நேர்மின்னுடைய தலை பாக்டீரியாவின் எதிர்மின் சவ்வில் ஒட்டும். நீர் வெறுக்கும் வால் உள்ளே நுழைந்து சவ்வைக் குலைக்கும். ஒளி பட்டால் வாலின் வடிவம் மாறும். செய்வதற்கு எளிது, மூன்றே படிகள். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் அனுமதிக்கு முதல் நாளே விண்ணப்பியுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில் கையாள வேண்டிய கிருமி. சேர்மம் தயாரான பிறகு அனுமதிக்குக் காத்திருந்தால் அது புட்டியில் கிடந்து ஈரம் குடிக்கும்.

365, 450 நானோமீட்டர் எல்இடி விளக்குகள், ஒளித் திறன் மீட்டர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, மங்கலான சிவப்பு விளக்கு ஆகியவை வேண்டும். மீட்டர் இல்லாமல் விளக்கை மட்டும் வாங்குவது, தராசு இல்லாமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். விலை அதிகமென்றால் இயற்பியல் துறையில் இரவல் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

எங்கள் ஊருக்கென்று ஒன்று உண்டு. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இரண்டு மணி நேரம் மின்சாரம் போவது அன்றாட வழக்கமாக இருந்தது. இன்குபேட்டர் அணைந்து ஆறினால் கிருமி மெதுவாக வளரும். மருந்து வேலை செய்தது போலத் தோன்றும். இப்போது நிலைமை தேறியிருந்தாலும், வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை இன்குபேட்டருக்குள் வைத்துவிடுங்கள்.

3. டையசோ இணைப்பு: வெப்பமும் வரிசையும்

4-எத்தில் அனிலினை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் பனிக்கட்டித் தொட்டியில் வையுங்கள். அமிலம் அனிலினைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு மோல் இருக்க வேண்டும். கரைசலின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகு சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெப்பமானியின் முனை கரைசலுக்குள் இருக்கட்டும். வெளியே பனிக்கட்டி மிதப்பதால் உள்ளேயும் குளிர்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள். டர்பனில் பிப்ரவரி மாதத்துப் பிற்பகலில் பனிக்கட்டி உருகும் வேகம் புதியவர்களை ஏமாற்றிவிடும். குமிழ்கள் எழுந்தால், அனிலினும் நைட்ரைட்டும் சேர்ந்து உண்டான டையசோனியம் சிதைந்து நைட்ரஜன் வெளியேறுகிறது என்று பொருள்.

கடைசிச் சொட்டுக்குச் சில நிமிடங்கள் கழித்து, கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி எடுத்து ஸ்டார்ச் அயோடைடு தாளில் வையுங்கள். உடனே கருநீலமானால் நைட்ரைட் மிஞ்சியிருக்கிறது. சிறிது சல்ஃபாமிக் அமிலம் சேர்த்து அதை அழித்துவிடுங்கள். மிஞ்சிய நைட்ரைட் அடுத்த படியில் பீனாலோடு சேர்ந்து பழுப்புநிறப் பிசினை உண்டாக்கும்.

டையசோனியம் கரைசலை, காரத்தில் கரைத்த குளிர்ந்த பீனாலுக்குள் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. காரணம் இரண்டு. பீனால் எப்போதும் மிகுதியாக இருப்பதால் ஒரே வளையத்தில் இரண்டு அசோ ஏறுவது குறையும். காரம் அந்தப் பக்கம் இருப்பதால் வந்து விழும் அமிலம் உடனுக்குடன் நடுநிலையாகும். பிஎச் 9, 10 அளவில் நிற்கட்டும். அதற்கு மிகவும் கீழே போனால் பீனால் வினைபுரியாது. மிகவும் மேலே போனால் டையசோனியமே செயலற்ற டையசோடேட்டாக மாறிவிடும்.

டையசோனியம் உப்பை ஒருபோதும் வடிகட்டி உலர்த்தாதீர்கள். உலர்ந்த டையசோனியம் வெடிக்கும். கரைசலாகவே செய்து, கரைசலாகவே அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

4. பீனாலை அப்படியே விட்டுவிடாதீர்கள்

மூன்றாம் படி முடிந்ததும் ஆரஞ்சு மஞ்சளில் அழகான ஹைட்ராக்சி அசோபென்சீன் கிடைக்கும். பலர் இங்கேயே நின்று, ஒளிச் சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். எத்தனை நேரம் 365 நானோமீட்டர் ஒளியில் வைத்தாலும் நிறமாலையில் ஒன்றும் மாறாது. சேர்மம் தவறிவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேர்மத்தில் தவறில்லை. தண்ணீர், ஆல்கஹால் போன்ற கரைப்பான்களில் ஹைட்ராக்சி அசோபென்சீன் ஹைட்ரசோன் வடிவத்தின் வழியாக நொடிப்பொழுதில் டிரான்ஸுக்குத் திரும்பிவிடுகிறது. சிஸ் உண்டாகிறது, நாம் அளப்பதற்குள் மறைந்துவிடுகிறது. அந்த ஹைட்ரஜனை நீக்கி அங்கே ஒரு சங்கிலியை மாட்டினால் சிஸ் மணிக்கணக்கில் நிற்கும். ஆகவே அடுத்த படி, வால் சேர்ப்பதற்கு மட்டுமல்லாமல் ஒளிப் பண்பைக் காப்பாற்றுவதற்கும் வேண்டியிருக்கிறது.

அசிட்டோனில் பொட்டாசியம் கார்பனேட்டோடு, 1,6-டைபுரோமோஹெக்சேனை மூன்று முதல் ஐந்து மடங்கு மோல் எடுத்து, இரவு முழுவதும் கொதிநிலையில் மீள்வடியுங்கள். மடங்கு குறைந்தால் சங்கிலியின் இரண்டு முனையிலும் அசோபென்சீன் ஏறிய இரட்டைச் சேர்மம் பெருகும்.

மிஞ்சும் டைபுரோமைடை நீக்குவதில்தான் கவனம் வேண்டும். அதன் கொதிநிலை 240 டிகிரிக்கு மேல். ரோட்டவேப்பில் (கரைப்பானை வெற்றிடத்தில் ஆவியாக்கும் கருவி) போகாது. சிலிக்கா நிரலில் (சிலிக்காப் பொடி நிரப்பிய குழாய்) முதலில் வெறும் ஹெக்சேனை விட்டு அதைக் கழுவி எடுங்கள். கொஞ்சம் தங்கினாலும் அடுத்த படியில் அது இரண்டு பக்கமும் அமீன் ஏறி ஹெக்சமெத்தோனியம் புரோமைடு ஆகும். அதற்கு நிறமில்லை. தூய்மையை அளக்கும் எச்பிஎல்சி கருவியின் புற ஊதா உணரிக்கும் அது தெரியாது. வரைபடத்தில் 99 விழுக்காடு தூய்மை என்று காட்டும். புட்டியில் பத்தில் ஒரு பங்கு வேறு உப்பாக இருக்கும். இதைப் பிடிக்க, மூலக்கூறின் ஹைட்ரஜன்களை எண்ணிக் காட்டும் என்எம்ஆர் வேண்டும். அமீன் ஏறிய பிறகு, அரோமாட்டிக் புரோட்டான்களின் பரப்பையும் நைட்ரஜன் மேலுள்ள மெத்தில் புரோட்டான்களின் பரப்பையும் ஒப்பிடுங்கள். 8க்கு 9 என்று வர வேண்டும். 9 கூடினால் நிரலுக்குத் திரும்புங்கள்.

5. அமீன் ஏற்றுதல், உலர்த்துதல்

எத்தனாலில் கரைந்த டிரைமெத்தில் அமீனை மிகுதியாகச் சேர்த்து, மூடிய குடுவையில் இரண்டு நாள் கலக்கினால் போதும். கருவாட்டு வாடை கட்டடம் முழுக்கப் பரவும் என்பதால் ஃபியூம் ஹூட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். டைஎத்தில் ஈதரை ஊற்றினால் மஞ்சள் உப்பு படியும். வடிகட்டி, சூடான எத்தனாலில் மறுபடிகமாக்குங்கள்.

இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கடலோர ஊரில், கோடைக்காலத்தில், புட்டியைத் திறந்து தராசின் அருகே பத்து நிமிடம் வைத்திருந்தாலே பொடி ஒட்டத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். எடையில் பத்து விழுக்காடு தண்ணீர் என்றால் பின்னால் வரும் எல்லா எண்ணிலும் பத்து விழுக்காடு பிழை. வெற்றிடத்தில் பாஸ்பரஸ் பென்டாக்சைடின் மேல் உலர்த்தி, சிறு புட்டிகளில் பிரித்து, ஒரு முறைக்கு ஒரு புட்டி என்று எடுங்கள். மூலக்கூறு எடை 448.5. எனவே 4.5 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில் கரைத்தால் ஏறத்தாழ 10 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும்.

6. டிஎல்சி தகட்டில் இரண்டு புள்ளிகள் தெரிந்தால் பதறாதீர்கள்

நான்காம் படியின் முடிவில் ஒரு மாணவி மூன்று நாள் நிரல் ஓட்டினாள். ஒவ்வொரு முறையும் தூய பகுதியைச் சேர்த்தாள். ஒவ்வொரு முறையும் மறுநாள் டிஎல்சி தகட்டில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா பூசிய தகடு) மஞ்சள் புள்ளியின் கீழே இன்னொரு மஞ்சள் புள்ளி. கண்ணில் நீர் வராத குறை. அவளுடைய குடுவைகள் கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் வரிசையாக நின்றன. காலை வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

கீழே தெரிந்தது சிஸ். டிரான்ஸைவிட அதற்கு முனைவுத்தன்மை அதிகம், அதனால் சிலிக்காவில் பின்தங்கும். மாசா, சிஸ்ஸா என்று அறிய ஒரு சதுரத் தகடு போதும். மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு திசையில் ஓட்டுங்கள். உலர்த்தி, ஒரு நிமிடம் ஒளி காட்டுங்கள். தகட்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். மாசாக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டத்திலேயே நிற்கும். ஒளியால் மாறும் வடிவங்களாக இருந்தால் மூலைவிட்டத்துக்கு வெளியேயும் புள்ளிகள் முளைக்கும். அவள் தகட்டில் நான்கு புள்ளிகள் ஒரு சதுரமாக நின்றன. அன்றிலிருந்து எங்கள் ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறது.

இதற்குப் பிறகு எல்லாவற்றையும் பழுப்புப் புட்டியில், சிவப்பு விளக்கின் கீழ் கையாளுங்கள். சிவப்பு ஒளியை இந்தச் சேர்மம் உறிஞ்சாது.

7. ஒளி அளவீடுகள்: இங்கே இரண்டு வாரம் செலவழியுங்கள்

முதலில் நிறமாலை. 50 மைக்ரோமோலார் கரைசலை இருட்டில் வைத்து அளந்தால் 350 நானோமீட்டரை ஒட்டி உயரமான முகடு தெரியும். 365 ஒளியைச் சில நொடிகள் காட்டி அளங்கள், மீண்டும் காட்டி அளங்கள். முகடு தாழும், 440 பக்கம் சிறு மேடு எழும். எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டால் இரண்டு வடிவங்கள் மட்டுமே இருக்கின்றன, மாற்றம் சுத்தமாக நடக்கிறது என்று கொள்ளலாம். வெட்டும் புள்ளி நகர்ந்துகொண்டே போனால் சேர்மம் சிதைகிறது. அதைப் பாக்டீரியாவிடம் கொண்டுபோவதில் பயனில்லை.

அடுத்து, எத்தனை பங்கு மாறுகிறது? ஒளி காட்டிய மாதிரியை உடனே என்எம்ஆரில் வையுங்கள். அசோவுக்குப் பக்கத்திலுள்ள புரோட்டான்கள் டிரான்ஸில் 7.8, 7.9 அருகே இருக்கும், சிஸ்ஸில் 7க்குக் கீழே இறங்கிவிடும். இரண்டின் பரப்பு விகிதமே விடை. நீல ஒளியில் திருப்பினாலும் முழுக்க டிரான்ஸ் ஆகாது, ஓரளவு சிஸ் தங்கும். முழு டிரான்ஸ் வேண்டுமானால் இருட்டில் மிதமாகச் சூடாக்கி வையுங்கள்.

மூன்றாவது, சிஸ்ஸின் அரை ஆயுள், அதாவது சிஸ்ஸில் பாதி டிரான்ஸுக்குத் திரும்ப ஆகும் நேரம். அறை வெப்பத்தில் அளந்தால் பயன்படாது. 37 டிகிரியில், நீர்க் கரைசலில், இருட்டில் அளங்கள். நிறமாலைக் கருவி வெள்ளை ஒளி முழுவதையும் மாதிரியின் மேல் பாய்ச்சும் வகை என்றால், அளக்கும் ஒவ்வொரு முறையும் அதுவே சிஸ்ஸைத் திருப்பிவிடும். அளவீடுகளுக்கு இடையே மாதிரியை வெளியே எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.

அரை ஆயுள் ஏன் இத்தனை முக்கியம்? வழக்கமான எம்ஐசி சோதனைக்கு, அதாவது கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காணும் சோதனைக்கு, கிட்டத்தட்ட 18 மணி நேரம் ஆகும். அரை ஆயுள் 5 மணி நேரம் என்றால் முடிவில் 8 விழுக்காடு சிஸ்தான் மிஞ்சியிருக்கும். சிஸ்ஸைச் சோதிப்பதாக நினைத்து டிரான்ஸைச் சோதித்திருப்பீர்கள்.

8. இருட்டில் எம்ஐசி

முழு டிரான்ஸ் வடிவத்தின் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (எம்ஐசி) முதலில் எடுங்கள். இதுவே அடித்தளம். மியூலர் ஹிண்டன் திரவ ஊடகம், 96 குழித் தட்டு, மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமிகள், 35 டிகிரி. 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் தர அளவு) கலங்கலில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 கோடி வரை இருக்கும், அதிலிருந்து நீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 29213, எஷரிச்சியா கோலை ஏடிசிசி 25922 இரண்டும் இருக்கட்டும். இரண்டாவதற்கு வெளிச் சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால், இந்த வகைச் சேர்மம் பெரும்பாலும் அதன்மீது சற்று மந்தமாகவே வேலை செய்யும்.

ஒவ்வொரு தட்டிலும் சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு வரிசை வையுங்கள். 25922 கிருமிக்கு அது மில்லிலிட்டருக்கு 0.004 முதல் 0.016 மைக்ரோகிராம் வரை காட்ட வேண்டும். வெளியே போனால் அன்றைய தட்டு முழுவதையும் கழித்துவிடுங்கள். உங்கள் சேர்மம் நல்ல எண் காட்டியிருந்தாலும் கழித்துவிடுங்கள்.

சேர்மமே மஞ்சள் என்பதால் கலங்கலைக் கண்ணால் பார்ப்பது கடினம். ரெசசூரின் சாயம் சேர்த்தால் உயிருள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். அந்தச் சாயமும் ஒளியை உறிஞ்சும். எனவே ஒளி வேலை எல்லாம் முடிந்த பிறகே அதைச் சேருங்கள். டிஎம்எஸ்ஓ 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நேர்மின் சேர்மங்கள் பாலிஸ்டைரீன் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பாலிப்ரொப்பிலீன் தட்டில் ஒரு முறை செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. ஒளியில் சோதனை

இங்கே எம்ஐசியை விட, நேரத்தோடு கொல்லும் வேகத்தைப் பார்ப்பதே நல்லது. கிருமியைக் கழுவி உப்புத் தாங்கல் கரைசலில் எடுங்கள். மஞ்சள் நிற ஊடகம் 365 ஒளியில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். சேர்மத்துக்குத் தெளிந்த கரைசலில் முன்கூட்டியே ஒளி காட்டி, சிவப்பு விளக்கின் கீழ் கிருமியோடு சேருங்கள். 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் சிறிது எடுத்து, நீர்த்து, அகார் தட்டில் பரப்பி எண்ணுங்கள். ஆயிரத்தில் ஒன்று மட்டும் எஞ்சினால், அதாவது 99.9 விழுக்காடு அழிந்தால், கொல்கிறது என்று சொல்லலாம்.

கிருமியின் மேலேயே ஒளி விழ வேண்டிய சோதனை என்றால் நான்கு குழுக்கள் கட்டாயம்: சேர்மமும் ஒளியும், சேர்மம் மட்டும், ஒளி மட்டும், இரண்டும் இல்லாதது. மூன்றாவதை விட்டுவிடுபவர்களே அதிகம். 365 நானோமீட்டர் ஒளி தானாகவே கிருமியைக் காயப்படுத்தும். நீல ஒளியும் கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின்கள் என்னும் நிறமிகள் வழியாக அதைக் கொல்லக்கூடும். ஐந்தாவதாக, அசோ இல்லாத ஒரு குவாட்டர்னரி அம்மோனியம் உப்பையும் அதே ஒளியில் வையுங்கள். அதுவும் ஒளியில் கூடுதலாகக் கொன்றால் உங்கள் மூலக்கூறின் வடிவ மாற்றத்துக்கு அதில் பங்கில்லை.

ஒளி அளவைச் சதுர சென்டிமீட்டருக்கு ஜூல் என்று எழுதுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் தரும் விளக்கு 600 நொடிகள் எரிந்தால் 6 ஜூல். "பத்து நிமிடம் விளக்கின் கீழ்" என்று எழுதினால் வேறு எவராலும் திரும்பச் செய்ய முடியாது. தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மீட்டரை வைத்து அளங்கள். ஓரங்கள் மங்கலாகத்தான் இருக்கும், அந்தக் குழிகளைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு குழிக்குள் மெல்லிய வெப்பமானியை நுழைத்துப் பாருங்கள். இரண்டு டிகிரிக்கு மேல் ஏறினால் சிறு மின்விசிறி வையுங்கள்.

எந்த வடிவம் வீரியமானது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடாதீர்கள். நீண்ட டிரான்ஸ் சவ்வில் ஆழமாக நுழையலாம். மடங்கிய சிஸ் கொத்தாகச் சேராமல் தனித்தனியாகக் கரைந்து நின்று வேகமாக வேலை செய்யலாம். சங்கிலி நீளம் இரண்டு கார்பன் மாறினால் முடிவும் மாறக்கூடும்.

வேறுபாடு ஒரு மடிப்பு நீர்த்தல்தான் என்றால், அதாவது எம்ஐசி 8க்குப் பதில் 4 என்றால், அது சோதனையின் இயல்பான பிழைக்குள் அடங்கும். அதை வைத்து ஒன்றும் எழுதாதீர்கள். வெவ்வேறு நாளில், புதிதாக வளர்த்த கிருமியோடு, மூன்று முறை செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று குழிகள் என்பது ஒரே ஒரு சோதனை.

10. சிவப்பணுச் சோதனை

பாக்டீரியாவின் சவ்வை உடைப்பது நம் சவ்வையும் உடைக்கலாம். ஆட்டு ரத்தச் சிவப்பணுக்களைக் கழுவி, டிரான்ஸோடும் சிஸ்ஸோடும் தனித்தனியாக 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கசிந்த ஹீமோகுளோபினை அளங்கள். 540 நானோமீட்டரில் அளந்தால் சேர்மத்தின் மஞ்சள் குறுக்கிடாது. பாதி அணுக்கள் உடையும் செறிவை எம்ஐசியால் வகுத்தால் வரும் எண் 1ஐ ஒட்டி இருந்தால், அது உடலுக்குள் போகும் மருந்தாகாது. மேசை, கருவிகளைத் துடைக்கும் கிருமிநாசினியாகவோ மேற்பூச்சாகவோ யோசிக்கலாம்.

இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அடுத்த சேர்மத்தை வரைய வேண்டும். சங்கிலியைக் குறைப்பதா, எத்திலை எடுப்பதா, தலையை மாற்றுவதா என்பதை அது சொல்லிவிடும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். புதிதாக வந்த உப்பை இருட்டுப் புட்டியில் போட்டு, தேதியும் எடையும் எழுதி, ஏழாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.